முன்பாரம் 13 கிலோ: ஏடிவிக்கு ட்ரெய்லர் கொக்கி மாட்டிய கதை

போன சனிக்கிழமை ஏடிவியில், அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டியில், 11 நடை விறகு இழுத்தேன். நிலத்தின் பின்கோடியிலிருந்து வீட்டுக் கொட்டகை வரை 400 மீட்டர், நடுவில் ஒரு ஏற்றம், ஒரு சேற்றுப் பள்ளம். சாயங்காலம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டுகளின் மேல் பெயின்ட் பேனாவால் இழுத்திருந்த வெள்ளைக் கோடு எதுவும் விலகவில்லை, தகடு ஒரு மில்லிமீட்டர் கூடத் திரும்பவில்லை, கொக்கி போட்ட இடத்தில் அப்படியே நின்றது. இந்த நிலைக்கு வர எனக்கு ஏழு வாரம் ஆயிற்று, அதில் பாதி தப்பு வழியில் போனது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஆரம்பத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பாதிதான்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்ராறியோவின் லிண்ட்சே ஊருக்கு வடக்கே. 11 ஏக்கர், அதில் பாதி காடு. காட்டில் நின்ற ஆஷ் மரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே பட்டுப்போய்விட்டன. மரகத நிறத்தில் ஒரு சின்ன வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது, 2002ல் டெட்ராய்ட்டிலும் எதிர்க்கரையான வின்ட்சரிலும் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று மரத்துக்குத் தண்ணீர் ஏறும் வழியை அறுத்துவிடும். பட்ட ஆஷ் மரம் நிற்க நிற்க மொறுமொறுவென்று ஆகி, தானாகவே கிளை முறிந்து விழும், பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். அதனால் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் அருமையான விறகு. ஆனால் வண்டு பரவிவிடும் என்பதால் அந்த விறகை வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது, நம் வீட்டு அடுப்பில்தான் எரிக்க வேண்டும். ஆக, முப்பதுக்கு மேற்பட்ட மரங்களை என் நிலத்துக்குள்ளேயே 400 மீட்டர் நகர்த்த வேண்டிய வேலை.

வண்டி 2012 ஹோண்டா ரான்ச்சர் 420, பழையது வாங்கியது. காலால் கியர் மாற்றும் வகை, பின்னால் ஒரே அச்சு. முதல் வருடம் நான் செய்தது என்னவென்றால், பின்னால் சாமான் வைக்கும் கம்பித் தட்டில் கயிற்றைக் கட்டி மரக்கட்டையைத் தரையோடு இழுத்தேன். இதை யாரும் செய்யாதீர்கள். ஒருநாள் ஏற்றத்தில் கட்டையின் முனை ஒரு அடிமரத்தில் மாட்டியது, நான் ஆக்சிலேட்டரை விடுவதற்குள் முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டது. தட்டு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து இழுத்தால் இழுக்கிற விசை முழுக்க வண்டியைப் பின்பக்கமாகப் புரட்டத்தான் பார்க்கும். வண்டி மேலே விழுந்திருந்தால் கிட்டத்தட்ட 270 கிலோ. அன்று சாயங்காலமே கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பழைய இரும்புத் தொட்டி ட்ரெய்லர் 180 டாலருக்குக் கிடைத்தது. புல்வெட்டும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற வகை, 17 கன அடி, 4.80-8 டயர் இரண்டு, வெறும் வண்டி 50 கிலோ. முன்னால் இரண்டு தகட்டுக்கு நடுவே பின் செருகும் வாய். ஏடிவியின் அடியிலோ அச்சுக்குப் பின்னால் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு ஓட்டை. வெர்னியரில் அளந்தால் ஓட்டை 16.5 மி.மீ., தகட்டின் அகலம் 62 மி.மீ., தரையிலிருந்து உயரம் 12 அங்குலம். இங்கே எல்லாமே இப்படித்தான், ஒரு பாதி மெட்ரிக், ஒரு பாதி அங்குலம். நானும் இனி அப்படியே எழுதுகிறேன், எந்தக் கருவியில் அளந்தேனோ அந்தக் கணக்கில்.

வண்டியின் கையேட்டை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இழுக்கக்கூடிய மொத்த எடை 385 கிலோ, ட்ரெய்லரின் எடையும் அதற்குள்ளேயே. கொக்கியின் மேல் செங்குத்தாக இறங்கும் பாரம் 14 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. முதல் எண்ணை மனதில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதைப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். பின்னால் நான் பட்ட கஷ்டம் எல்லாம் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருந்தது.

முதல் முயற்சி சாதாரணமானது. அரை அங்குலப் பின்னைத் தகட்டின் ஓட்டையில் செருகி ட்ரெய்லரை மாட்டினேன். 16.5 மி.மீ. ஓட்டையில் 12.7 மி.மீ. பின், கிட்டத்தட்ட 4 மி.மீ. ஆட்டம். கிளம்பும்போது ஒரு இடி, நிற்கும்போது ஒரு இடி. இடியைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் காட்டுப் பாதையில் ஏடிவி ஒரு பக்கம் சாயும்போது ட்ரெய்லர் இன்னொரு பக்கம் சாய்கிறது. பின் மாட்டுகிற வாய் இடவலமாகத் திரும்பத்தான் இடம் கொடுக்கும், முறுக்குவதற்கு இடம் கொடுக்காது. சமமான புல்தரைக்கு அது போதும், கல்லும் வேரும் உள்ள பாதைக்குப் போதாது. ஆறாவது நடையில் பின் வளைந்து வெளியே எடுக்க முடியாமல் போய், சுத்தியலால் கீழிருந்து அடித்து எடுத்தேன். குண்டும் கிண்ணமும் உள்ள கொக்கிதான் வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன், அது எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

2 அங்குலக் குண்டு வாங்கினேன், அதன் தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. தகட்டின் ஓட்டையோ 16.5. ஓட்டையைப் பெரிதாக்கலாம் என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தும் விட்டேன். படுத்த இடத்தில் ஓட்டையின் விளிம்பிலிருந்து தகட்டின் பின்விளிம்பு வரை அளந்தால் 14 மி.மீ.தான் இருந்தது. துளையைப் பெரிதாக்கினால் அது இன்னும் குறையும், இழுக்கும்போது முழு விசையையும் தாங்குவது அந்தத் துண்டு இரும்புதான். எழுந்து வந்துவிட்டேன். வண்டியோடு வந்த பாகத்தில் கை வைக்காமல் இருந்தது இந்த முழு வேலையிலும் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

அதற்குப் பதிலாகக் கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்த ஒரு தகடு வாங்கினேன், 35 டாலர். கால் அங்குல கனம், ஒரு பக்கம் போல்ட் ஓட்டை, மறுபக்கம் குண்டு ஓட்டை. ஏடிவியின் தகட்டுக்கு மேல் வைத்து ஒரே போல்ட்டால் இறுக்கி, மறுமுனையில் குண்டை மாட்டினேன். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. காலி ட்ரெய்லரோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் பாரத்தோடு ரிவர்ஸ் எடுத்தேன். ஒரே போல்ட் அல்லவா, அதையே அச்சாக வைத்துத் தகடு கடிகார முள் மாதிரி திரும்பிவிட்டது. குண்டு ஒரு பக்கமாக ஒதுங்க, ட்ரெய்லர் மடங்கி அதன் தொட்டி வந்து பின்டயரில் உரசியது. இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைத்து இறுக்கினேன், பல் வாஷர் போட்டேன், இரண்டு வாஷர் போட்டேன். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நடை தாங்கும், பிறகு ரிவர்ஸில் திரும்பும். எவ்வளவு இறுக்கினாலும் ஒரு போல்ட்டின் பிடி வெறும் உராய்வுதான். அதற்குக் குறுக்கே நின்று தடுக்க ஏதாவது இருந்தால்தான் தகடு நிற்கும் என்பது எனக்குப் புரிய இரண்டு வார இறுதி போயிற்று.

சரி, நானே செய்துவிடலாம் என்று இறங்கியது அதற்குப் பிறகுதான்.

யோசனை எளிமையானது. 3/8 அங்குல கனம், 4 அங்குல அகலமுள்ள இரும்புப் பட்டையில் 8 அங்குலம் வெட்டிக்கொள்வது. அதை ஏடிவியின் தகட்டுக்கு மேல் வைப்பது. அடியில் இரண்டு பக்கமும் இரண்டு காது மாதிரி ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) துண்டுகளை வெல்டிங் செய்து, அந்தக் காதுகள் ஏடிவித் தகட்டின் இரு விளிம்புகளையும் கவ்விப் பிடிக்கும்படி வைப்பது. போல்ட் மேலும் கீழும் போகாமல் பிடிக்கும், காதுகள் திரும்ப விடாது. குண்டு, பழைய ஓட்டையிலிருந்து 10 சென்டிமீட்டர் மட்டும் பின்னால். எவ்வளவு பின்னால் போகிறோமோ அவ்வளவுக்கு நெம்புகோல் நீளமாகி முன்சக்கரத்தைத் தூக்கும், அதனால் கப்ளர், அதாவது ட்ரெய்லரின் முனையில் குண்டைக் கவ்வும் கிண்ணம், எதிலும் இடிக்காமல் திரும்புவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூட நீட்டவில்லை. அட்டைப் பெட்டியில் முதலில் வெட்டிப் பொருத்திப் பார்த்தேன், மூன்று அட்டை வீணானது, இரும்பு வீணாகவில்லை.

பட்டையை 2 அடி நீளமாக வாங்கினேன், 22 டாலர். கிரைண்டரில் வெட்டு டிஸ்க் போட்டு அறுக்க பத்து நிமிடம். துளை போடுவதில்தான் நாள் போனது. என்னிடம் இருப்பது பேட்டரி டிரில், அதில் இரண்டு வேகம். முதல் ஓட்டையை வேகமான கியரில் போட்டேன். பிட் ஒரு நிமிடம் கீச்சிட்டது, முனை நீலமாகியது, அவ்வளவுதான், 12 டாலர் பிட் போயிற்று. போனதோடு இல்லாமல், தேய்ந்த முனை உரசி உரசி அந்த இடத்து இரும்பைக் கெட்டியாக்கிவிட்டது, அடுத்த பிட்டும் அதில் ஏறவில்லை. பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமிருந்து துளைத்துத்தான் காப்பாற்றினேன்.

பிறகு செய்த முறை இது. சென்டர் பஞ்ச் வைத்து நன்றாக ஒரு குழி. பட்டையை வைஸில் கட்டுவது, கையில் பிடித்துத் துளைப்பது வேண்டவே வேண்டாம். டிரில்லில் மெதுவான கியர், பக்கக் கைப்பிடி கட்டாயம். முதலில் 5 மி.மீ., அடுத்து 8, அடுத்து 12, கடைசியாக 5/8 அங்குலம். குண்டுக்கு மட்டும் அதற்கு மேல் முக்கால். தடித்த பிட்டுகளின் தண்டை அரை அங்குலமாகக் கடைந்து விற்கிறார்கள், சாதாரண டிரில்லில் மாட்டலாம், இரண்டும் சேர்த்து 31 டாலர். ஒவ்வொரு இருபது விநாடிக்கும் இரண்டு சொட்டு எண்ணெய். சுருள் சுருளாக நீளமாக இரும்பு வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம், தூளாக வந்தால் நிறுத்திவிடுவேன். துளை மறுபக்கம் திறக்கிற நேரத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பிட் அங்கே கவ்வும். ஒருமுறை கவ்வி டிரில் சுழன்று என் வலது மணிக்கட்டு மூன்று நாள் வலித்தது. பக்கக் கைப்பிடி போடாமல் இருந்த ஒரே தடவை அது.

போல்ட்டிலும் ஒரு தப்பு செய்தேன். ஓட்டை 16.5 என்பதால் எம்16 போல்ட் இரண்டு வாங்கினேன், 6 டாலர். வீட்டில் டப்பாவில் நல்ல நைலான் வளைய நட்டுகள் கிடந்தன, ஆனால் அவை 5/8 அங்குலத்துக்கானவை. இரண்டுக்கும் தடிமன் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. 24 மி.மீ. ஸ்பேனர் இரண்டுக்கும் உட்காரும். அதனால் பொருந்தும் என்றே கை நினைத்தது. ஒன்றரைச் சுற்று விரலாலேயே ஏறியது, அதற்கு மேல் இறுகியது, நைலான் பிடிக்கிறது போலும் என்று ஸ்பேனர் போட்டேன். மரை முழுக்கக் கழன்றுவிட்டது. எம்16ல் மரைக்கு மரை 2 மி.மீ., 5/8 போல்ட்டில் அங்குலத்துக்கு 11 மரை, அதாவது 2.3 மி.மீ. விரலால் மூன்று சுற்று ஏறாத நட்டுக்கு ஸ்பேனர் போடக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறேன். கடைசியில் 5/8 அங்குலம், கிரேடு 8 போல்ட் ஒன்று, நட், கெட்டி வாஷர் எல்லாம் 9 டாலருக்கு வாங்கினேன். நீளம் பார்த்து வாங்குங்கள். என் போல்ட் அடியில் 3 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது, 12 அங்குல உயரத்தில் அது அடிமரங்களில் இடிக்கும், நட்டுக்குக் கீழே இரண்டு மரை விட்டு அறுத்தேன்.

காதுகளை வெல்டிங் செய்தது நான் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர், வைக்கோல் வண்டியெல்லாம் அவரே ஒட்டவைத்துக்கொள்வார். நான் ஒட்டினால் அழகாக இருக்கும், தாங்குமா என்று எனக்கே சந்தேகம் இருக்கும், அந்தச் சந்தேகத்தோடு ஏற்றம் ஏற எனக்கு விருப்பமில்லை. அவர் இரும்பின் மேலிருந்த கறுப்புத் தோலைப் பளபளவென்று தேய்க்கச் சொன்னார். பிறகு ஆங்கிள் துண்டுகளை ஏடிவித் தகட்டிலேயே வைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு தடித்த காகிதம் நுழைகிற இடைவெளி விட்டு இரண்டு பொட்டு வைத்து, பிறகு பட்டையைக் கழற்றித் தனியாக வைத்து முழுக்க ஒட்டினார். ஏடிவியில் இருக்கும்போதே ஒட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போகலாம் என்பதால் பொட்டு வைக்கும்போதும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பைப் பட்டையிலேயே மாட்டினார். காசு வாங்கவில்லை. அவர் கொட்டகைக்கு ஒரு நடை விறகு கொண்டுபோய்ப் போட்டேன், இரண்டு நிலத்துக்கும் நடுவே வேலி மட்டும்தான்.

குண்டை இறுக்க அவருடைய டார்க் ரெஞ்சும் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வேண்டியிருந்தது. முக்கால் அங்குலத் தண்டுக்கு 160 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட 217 நியூட்டன் மீட்டர் என்று பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். என்னுடைய ரெஞ்ச் 150 வரைதான். நட்டுக்கு ஒன்றே கால் சாக்கெட் என்று நினைத்துப் போனால் ஒன்றேகால் பெரிது, 1 1/8தான் உட்கார்ந்தது. மேலே குண்டுக்குக் கீழே தட்டையாக இரண்டு முகம் சீவியிருப்பார்கள், அதில் பெரிய ஸ்பேனர் போட்டுப் பிடிக்காவிட்டால் குண்டும் சேர்ந்து சுற்றும். வைஸில் வைத்து முதலில் குண்டை இறுக்கிவிட்டுப் பிறகு பட்டையை வண்டியில் மாட்டினேன், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு 160 இழுக்க முடியாது. ட்ரெய்லரின் பக்கம் பழைய வாயை அறுத்துவிட்டு 27 டாலர் கப்ளர் ஒன்றைக் குறுக்கே இரண்டு போல்ட் போட்டு மாட்டினேன். குண்டின் உச்சி தரையிலிருந்து பதினான்கரை அங்குலம், ட்ரெய்லர் சமமாக நின்றது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, கப்ளருக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக.

இதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ரிவர்ஸில் திரும்பவில்லை, இடி இல்லை, முறுக்கு இல்லை. 24 துண்டு ஏற்றினேன், துண்டு சராசரி 9 கிலோ, மொத்தம் 216, ட்ரெய்லரோடு 266. 385க்கு எவ்வளவோ கீழே. ஆனால் ஏற்றத்தில் கைப்பிடி லேசானது. திருப்பினால் திரும்பவில்லை, முன்சக்கரம் ஈரச் சருகின் மேல் நேராக வழுக்கிக்கொண்டு போயிற்று. தூக்கவில்லை, ஆனால் தரையைப் பிடிக்கவும் இல்லை. முன் தட்டில் 20 கிலோ மணல் மூட்டை வைத்தேன். ஓரளவு சரியானது, அதோடு விட்டுவிட்டேன், இரண்டு வாரம் அந்த மூட்டையோடுதான் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோபிச்செட்டிப்பாளையத்தில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசும்போது கொக்கியைக் காட்டினேன். ஆள் போல்ட்டையும் பார்க்கவில்லை, வெல்டிங்கையும் பார்க்கவில்லை. "முன்பாரம் எவ்வளவு வெச்சிருக்கே, கண்ணு?" என்றார்.

அப்பா சின்ன வயதில் மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு ஈரோட்டு மண்டிக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியில் மூட்டை அடுக்கி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்களாம். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், நாலு மைலில் மாடு படுத்துவிடும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், ஏற்றத்தில் அது இன்னும் மோசம். "ஒரு கையில தூக்குனா தூக்கற மாதிரி இருக்கோணும், தானா எந்திரிக்கவும் கூடாது" என்றார். கையேட்டில் நான் கடந்துபோன 14 கிலோ அதேதான். அப்பா கையால் தூக்கிச் சொல்வதை அவர்கள் கிலோவில் எழுதியிருக்கிறார்கள்.

குளியலறைத் தராசை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். அதே 24 துண்டு ஏற்றி, சமதரையில் நிறுத்தி, கப்ளரைக் கழற்றி, குண்டின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி அதன் மேல் கப்ளரை இறக்கினேன். கட்டையின் எடையைக் கழித்தால் 38 கிலோ. அனுமதித்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். புல்வெட்டும் டிராக்டருக்குச் செய்த ட்ரெய்லர், அதில் அச்சு கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கிறது, நான் வேறு பெரிய துண்டுகளை முன்பக்கம் சாய்த்து அடுக்கும் பழக்கம் வைத்திருந்தேன். முன்சக்கரம் வழுக்கியதற்குக் காரணம் இது, மணல் மூட்டை அதை மூடி மறைத்தது, அவ்வளவுதான்.

அச்சை முன்னால் நகர்த்த வேண்டும். நல்ல வேளையாக அச்சு வெல்டிங்கில் இல்லை, நான்கு யூ-போல்ட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தது. நட்டுகள் துருப்பிடித்திருந்தன, துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டதும் மூன்று வந்தன, ஒன்றைக் கிரைண்டரால் அறுத்தேன். எவ்வளவு நகர்த்துவது? கணக்குப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. முதலில் 20 சென்டிமீட்டர் நகர்த்தினேன். தராசு 3 கிலோ காட்டியது. சமதரையில் அது பஞ்சு மாதிரி ஓடியது, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்ததும் கப்ளர் குண்டை மேல்நோக்கி இழுக்க ஆரம்பித்தது. கடகடவென்று சத்தம், பின்டயர்கள் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை. அப்பா சொன்ன பூட்டாங்கயிறு இறுகுவது இதுதான். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் இருந்த நான்கு துண்டைக் கீழே போட்டுவிட்டுத்தான் மேலே வந்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கப்ளரிலிருந்து அச்சு வரை முதலில் 150 சென்டிமீட்டர். மொத்தம் 266 கிலோவில் 38 கிலோ முன்னால் என்றால், பாரத்தின் மையம் அச்சுக்கு 21 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அச்சை 15 நகர்த்தினால் மையம் ஆறு சென்டிமீட்டர் சொச்சம் முன்னால், கப்ளர் தூரம் 135, முன்பாரம் 13 கிலோவுக்குப் பக்கத்தில். மறுநாள் 15ல் வைத்துக் கட்டினேன், தராசும் 13 காட்டியது. ஐந்து நிமிடக் கணக்கு அது. முதலிலேயே போட்டிருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சம். இப்போது தொட்டியின் உட்பக்கச் சுவரில் அச்சுக்கு நேரே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், கனமான துண்டுகள் அந்தக் கோட்டின் மேல், மெல்லியவை இரு பக்கமும். ஒவ்வொரு நடையும் தராசு தேவையில்லை. கப்ளரை மாட்டுவதற்கு முன் ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறேன், இப்போது கைக்கே தெரிகிறது. மணல் மூட்டை கொட்டகைக்குத் திரும்பிவிட்டது.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லருக்கு பிரேக் கிடையாது, 266 கிலோவும் பின்னாலிருந்து தள்ளும். ஏற்றத்தின் உச்சியிலேயே முதல் கியருக்கு வந்துவிட்டு என்ஜின் பிடியிலேயே இறங்குகிறேன், நடு இறக்கத்தில் கியர் மாற்றுவதே இல்லை. இறக்கத்தில் வளைவு இருந்த இடத்தில் இரண்டு சின்ன மேப்பிள் கன்றுகளைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிட்டுப் பாதையை நேராக்கினேன், வளைவில் தள்ளினால் ட்ரெய்லர் மடங்கிக்கொள்ளும்.

செலவு, ட்ரெய்லர் விலை போக: குண்டு 17, பட்டை 22, போல்ட் வகை 9, பிட்டுகள் 31, கப்ளர் 27, சங்கிலியும் வளையமும் 18, துருத்தடுப்பு பெயின்ட் 9. இது 133 டாலர். வீணானது அந்த ஒற்றை போல்ட் தகடு 35, எரிந்த பிட் 12, எம்16 போல்ட் 6, ஆக 53. எல்லாவற்றுக்கும் மேல் 13 சதவீத விற்பனை வரி சேர்த்து 210 டாலர். ஆங்கிள் துண்டு பண்ணைக்காரரின் குப்பையிலிருந்து வந்தது. வண்டிக்கென்றே செய்த சதுரக்குழாய்க் கொக்கி கடையில் வாங்கியிருக்கலாமே என்றால், வாங்கியிருக்கலாம், ஆனால் அது என் கணக்கில் குண்டை இன்னும் பின்னால் தள்ளும், இந்தச் சின்ன வண்டிக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். இரும்பு வாங்கும் முன் தராசு. ட்ரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பாரம் ஏற்றி முன்பாரத்தை அளந்து, அச்சை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் கொக்கியைத் தொடுவேன். காதுகளுக்கு ஆங்கிளின் கால் இன்னும் அரை அங்குலம் நீளமாக வைப்பேன், இப்போது ஏடிவித் தகட்டின் விளிம்பை முழு கனத்துக்கும் பிடிக்கவில்லை, முக்கால்வாசிதான் பிடிக்கிறது. போதும்தான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

முதல் மூன்று நடைக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன், 5/8 நட் கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாக ஏறியது, பெயின்ட் அழுந்தியிருக்கும். அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கோடு போட்டேன். குண்டில் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும், அதிகம் வைத்தால் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது.

11 நடையில் வந்தது கிட்டத்தட்ட இரண்டே கால் டன்னுக்குச் சற்று அதிகம், இங்கே 128 கன அடி அடுக்கை ஒரு புஷ் கார்டு என்பார்கள், அந்தக் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. காட்டில் இன்னும் பத்தொன்பது மரம் நிற்கிறது, பனி கெட்டியாக விழுவதற்குள் குறைந்தது ஆறு மரத்தையாவது வெட்டி இறக்க வேண்டும். ட்ரெய்லரின் இடது சக்கரம் அச்சில் ஆட ஆரம்பித்திருக்கிறது, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்) தேய்ந்துவிட்டது. கிரீஸ் போடக்கூடிய பித்தளைப் புஷ் கிடைக்குமா என்று அச்சை அளந்து வைத்திருக்கிறேன், முக்கால் அங்குலம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போகிறேன்.